நான்கு கோல் வாங்கிய ஏழாம் நாளில் டெர்பி: பார்ப்பதா, வேண்டாமா?

நீங்கள் எழுதியதன் சாரம் இது. போன ஞாயிறு உங்கள் கால்பந்து அணி சொந்த மைதானத்தில் 0-4 என்று தோற்றது. வரும் ஞாயிறு டெர்பி, அதாவது ஒரே வட்டாரத்துப் பரம எதிரி அணியோடு மோதும் ஆட்டம். அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை, சாப்பாடு இறங்கவில்லை. கூட வேலை பார்க்கும் எதிரணி ரசிகர் தினமும் நான்கு விரலைக் காட்டிவிட்டுப் போகிறார். நம்பிக்கை வைப்பது முட்டாள்தனமா, இந்த மேட்ச்சைப் பார்க்காமலே இருந்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் யார் ஜெயிப்பார்கள் என்ற கேள்வி போலத் தெரியும். ஆனால் நீங்கள் கேட்பது, இன்னொரு முறை அப்படி அடி விழுந்தால் தாங்க முடியுமா என்பதுதான். அதற்கு ஓரளவு உறுதியான பதில் உண்டு. விளையாட்டு உளவியல் என் துறை. அதனால் ஆய்வுகளில் தெளிவானதையும், ரசிகர்கள் காலங்காலமாகச் சொல்லிவருவதையும் பிரித்தே எழுதுகிறேன்.

முதலில், உங்களுக்குள் இரண்டு வலிகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று நடந்து முடிந்த தோல்வியின் துக்கம். இன்னொன்று வரப்போகும் மானப் பிரச்சினை. இரண்டுக்கும் மருந்து வேறு. எது பெரிது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. டெர்பி முடிந்ததும் எதிரணி ரசிகர் ஒருவர்கூடக் கண்ணில் படாத இடத்தில் ஒரு மாதம் இருக்கப் போகிறீர்கள் என்று கற்பனை செய்து பாருங்கள். வயிற்றைப் பிசைவது சட்டென்று பாதியாகக் குறைந்தால் உங்கள் பயம் ஆட்டத்தைப் பற்றியதல்ல, ஆட்களைப் பற்றியது. குறையவே இல்லை என்றால் அந்த 0-4 இன்னும் செரிக்கவில்லை. உங்கள் கேள்வியில் ஸ்கோரைவிட அந்த நான்கு விரல்களைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். அதனால் முதல் வகை என்றே எனக்குத் தோன்றுகிறது. டெர்பி என்பதே பங்காளிக் காய்ச்சல்தானே! தூரத்து அணியிடம் தோற்றால் மேட்ச்சோடு போய்விடும். பங்காளியிடம் தோற்றால் அடுத்த டெர்பி வரை தினமும் முகத்தில் விழிக்க வேண்டும்.

'வெறும் விளையாட்டுக்கு இவ்வளவா' என்று உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம். ரசிகர் அணியைத் தன்னில் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்கிறார் என்பது நன்றாக ஆராயப்பட்ட விஷயம். ராபர்ட் சியால்டினியும் சகாக்களும் 1976-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் தங்கள் அணி வென்ற வாரத்தில் கல்லூரிச் சின்னம் போட்ட உடையை அதிகம் அணிந்தார்கள். வெற்றியைப் பற்றிப் பேசும்போது 'நாங்கள்' என்ற சொல் அதிகம் வந்தது, தோல்வியைப் பற்றிப் பேசும்போது குறைந்தது. 1992-இல் எட்வர்ட் ஹர்ட் குழு செய்த ஆய்வு இன்னும் நுட்பமானது. தங்கள் அணி தோற்பதைப் பார்த்த தீவிர ரசிகர்கள், அணியின் எதிர்காலத்தை மட்டுமல்ல, வேறொரு சிறு போட்டியில் தங்கள் சொந்தத் திறமையையும் குறைத்தே மதிப்பிட்டார்கள். இந்த வாரம் வேலையில் உங்கள் கை ஓடாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். முக்கியமான அலுவலக முடிவு ஏதாவது இருந்தால் டெர்பி முடிந்த செவ்வாய்க்குத் தள்ளிவையுங்கள்.

உடம்பும் ஆடுகிறது. 2010 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைப் பார்த்த ஸ்பெயின் ரசிகர்களின் உமிழ்நீரைச் சோதித்தபோது, ஆட்டத்தின்போது டெஸ்டோஸ்டிரோன், கார்டிசால் என்ற இரண்டு ஹார்மோன்களுமே உயர்ந்திருந்தன. மைதானத்தில் ஓடுகிறவனுக்குச் சுரப்பது நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சுரக்கிறது. அவன் ஓடித் தீர்க்கிறான், நமக்கு அது வயிற்றில் தங்குகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இதய விஷயத்தில் மட்டும் விளையாட்டுப் பேச்சு கிடையாது. 2006 உலகக் கோப்பையின்போது மியூனிக் வட்டாரத்தில் ஜெர்மனி ஆடிய நாட்களில் இதய அவசர நோய்நிலைகள் வழக்கத்தைவிட 2.66 மடங்கு இருந்தன. ஆட்டம் தொடங்கிய முதல் 2 மணி நேரத்தில்தான் அது உச்சத்தில் இருந்தது, ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். 1998-இல் அர்ஜென்டினாவிடம் பெனால்டி ஷூட்டவுட்டில் இங்கிலாந்து தோற்ற நாளிலும் அடுத்த 2 நாட்களிலும் இங்கிலாந்தில் மாரடைப்பு அனுமதிகள் 25 சதவீதம் கூடின. உங்களுக்கோ, கூடப் பார்க்கும் அப்பாவுக்கோ மாமாவுக்கோ ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால் அன்றைய மாத்திரையைத் தவறவிடக் கூடாது. நெஞ்சு இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி, திடீர் வியர்வை என்று வந்தால் கடைசி விசில் வரை பொறுக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

அடுத்தது, நீங்கள் பயப்படும் அளவுக்கு வலிக்குமா என்பது. வலிக்கும், ஆனால் நினைக்கும் அளவுக்கு நீடிக்காது. பிரிட்டனில் 32,000 பேர் கைபேசிச் செயலியில் அவ்வப்போது பதிந்த மனநிலையை டால்டன், மெக்கெரன் என்ற இருவர் மேட்ச் முடிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தோல்வி தரும் சோகம், வெற்றி தரும் சந்தோஷத்தைப் போல ஏறத்தாழ 2 மடங்கு. ஆக, கால்பந்து ரசிகனாக இருப்பது கணக்குப்படி நஷ்ட வியாபாரம்தான். இதன் மறுபக்கம் டிமோத்தி வில்சன் குழுவின் 2000-ஆம் ஆண்டு ஆய்வில் இருக்கிறது. மேட்ச் முடிவு மனநிலையை எத்தனை நாள் பாதிக்கும் என்று ரசிகர்கள் சொன்ன கணிப்பைவிட உண்மையில் அதன் பாதிப்பு சீக்கிரமே தணிந்தது. காரணம், கணிக்கும்போது மேட்ச்சை மட்டும்தான் யோசிக்கிறோம். அந்த நாட்களில் வேலை, குழந்தையின் பள்ளி, பல் வலி எல்லாமே இருக்கும் என்பது மறந்துவிடுகிறது. வரப்போகும் நாட்களில் என்னென்ன செய்வோம் என்று முதலில் எழுத வைத்ததும் கணிப்பு நிதானத்துக்கு வந்தது. நீங்களும் இதையே செய்யலாம். திங்கள் காலை 6 மணியிலிருந்து இரவு 10 வரை என்ன செய்யப் போகிறீர்கள் என்று மணி வாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். பொத்தாம்பொதுவாக 'ஆபீஸ்' என்று எழுதினால் பயன் குறைவு. யாரைப் பார்ப்பீர்கள், எந்த வேலை, எங்கே சாப்பாடு என்று எழுதுங்கள். அந்தப் பட்டியலில் டெர்பி எவ்வளவு சிறிய இடத்தைப் பிடிக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

சரி, அந்த 0-4 டெர்பியைப் பற்றி என்ன சொல்கிறது? நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே சொல்கிறது. கால்பந்தில் கோல்கள் அரிது. பெரிய லீக்குகளில் ஒரு மேட்ச்சுக்குப் பெரும்பாலும் இரண்டரை, மூன்று கோல்தான். ஏறத்தாழ நாலில் ஒரு மேட்ச் டிரா. இவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் ஒரு ரெட் கார்டு, ஒரு தடம் மாறிய பந்து, ஒரு பெனால்டி போதும், முடிவு புரண்டுவிடும். அதனால் ஸ்கோரை விட்டுவிட்டு நான்கு விஷயங்களைப் பாருங்கள். எக்ஸ்ஜி, அதாவது கிடைத்த வாய்ப்புகளின் தரத்தை வைத்து எத்தனை கோல் விழுந்திருக்க வேண்டும் என்ற மதிப்பீடு, எவ்வளவு? 0-4 தோல்வியில் உங்கள் அணிக்கு 1.3, எதிராளிக்கு 1.6 என்றிருந்தால் அது பெரும்பாலும் துரதிர்ஷ்டம். 0.3-க்கு 3.4 என்றால் உண்மையிலேயே உதை. அதிலும் ஒரு மேட்ச்சின் எக்ஸ்ஜியை மட்டும் நம்பாமல் கடைசி 8, 10 மேட்ச்சுகளின் சராசரியைப் பாருங்கள். 10 பேரோடு ஆடிய நிமிடங்கள் எத்தனை? 30-ஆம் நிமிடத்தில் ரெட் கார்டு வாங்கிய ஆட்டத்தின் ஸ்கோரிலிருந்து அடுத்த ஆட்டத்தைக் கணிக்க முடியாது. ஆனால் அந்த வீரர் டெர்பிக்குத் தடையில் இருப்பாரா என்பது முக்கியம். கோல்கள் எப்படி விழுந்தன? நான்கில் மூன்று கார்னரிலும் ஃப்ரீ கிக்கிலும் வந்திருந்தால் ஒரு வாரப் பயிற்சியில் ஓரளவு சரிசெய்யலாம். மிட்ஃபீல்டைக் கடந்து ஓடி ஓடி அடித்திருந்தால் அவ்வளவு சுலபமில்லை. கடைசியாக, நடுவில் ஓய்வு எத்தனை நாள்? உங்கள் அணிக்கு முழு வாரமும் எதிரணிக்கு வார நடுவில் வெளியூர் ஆட்டமும் இருந்தால் அது சிறிய விஷயமல்ல.

பெரிய தோல்விக்கு அடுத்த ஆட்டத்தில் அணிகள் பெரும்பாலும் கொஞ்சமாவது தேறித்தான் ஆடும். இதற்கு ரோஷம், பயிற்சியாளரின் கத்தல் என்று காரணம் சொல்வார்கள். பெரும்பகுதி வெறும் கணக்கு. 0-4 என்பதே அபூர்வம், அபூர்வமான நாளுக்கு அடுத்த நாள் பொதுவாகச் சாதாரண நாளாகத்தான் இருக்கும். ஆனால் தேறுவது வேறு, ஜெயிப்பது வேறு. 2012 பிப்ரவரியில் ஆர்செனல் ஏசி மிலானிடம் 0-4, மூன்றே நாளில் சண்டர்லாந்திடம் 0-2 என்று உதை வாங்கியது. 26-ஆம் தேதி வடக்கு லண்டன் டெர்பியிலும் 0-2 என்று பின்தங்கி, கடைசியில் டாட்டன்ஹாமை 5-2 என்று வென்றது. 2022 ஆகஸ்ட் 13 அன்று பிரென்ட்ஃபோர்டிடம் முதல் 35 நிமிடத்திலேயே நான்கு கோல் வாங்கிய மான்செஸ்டர் யுனைடெட், ஒன்பது நாள் கழித்துப் பரம வைரி லிவர்பூலை 2-1 என்று தோற்கடித்தது. இதைப் படித்துவிட்டு உடனே குதிக்க வேண்டாம். அதே யுனைடெட் 2021 அக்டோபர் 24 அன்று லிவர்பூலிடம் 0-5 வாங்கிய இரண்டாம் வாரத்தில் மான்செஸ்டர் டெர்பியை 0-2 என்று இழந்தது. ஜெர்மனியிடம் 1-7 வாங்கிய பிரேசில், நான்கு நாள் கழித்து நெதர்லாந்திடம் 0-3. இரண்டு பக்கமும் உதாரணம் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம், அதனால்தான் உதாரணத்தை வைத்து யாரும் கணிக்கக் கூடாது.

'டெர்பியில் ஃபார்ம் செல்லாது' என்பதை நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். இதை நான் சந்தேகப் பட்டியலில்தான் வைப்பேன். பலவீனமான அணி வென்ற டெர்பிகள் கதையாகி நினைவில் நிற்கின்றன, பலமான அணி சத்தமில்லாமல் 2-0 என்று வென்றவை மறந்துபோகின்றன. இரண்டு அணியும் உயிரைக் கொடுத்து ஓடும் என்பது நிஜம்தான், ஆனால் இரண்டும் ஓடினால் வித்தியாசம் பழையபடியே இருக்கும்! ராசியான சட்டை, ராசியான சோபா மூலை எல்லாம் முடிவை ஒரு மில்லிமீட்டர்கூட நகர்த்தாது. பதற்றம் தணியும் என்றால் போட்டுக்கொள்ளுங்கள். அது கிடைக்காமல் போனால் பதற்றம் கூடும் என்றால் இந்த வாரமே விட்டுவிடுங்கள்.

இனி நம்பிக்கை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பது போல, ஒரு முறை அடிபட்ட ரசிகர் 'எப்படியும் தோற்கத்தான் போகிறோம்' என்று முன்னதாகவே சொல்லிக்கொள்கிறார். முடிவு நெருங்க நெருங்க எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது மனிதர்களிடம் பரவலாகக் காணப்படும் பழக்கம், அதில் தவறில்லை. பிழை எங்கே என்றால், இப்போதே அழுதுவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கண்ணீர் மிச்சமாகும் என்று நம்புவதில். வலியை முன்பணமாகக் கட்ட முடியாது. எதிர்பார்ப்பைத் தாழ்த்துவதால் ஏமாற்றம் கொஞ்சம் குறையலாம். ஆனால் அதற்காக ஒரு வாரம் முழுக்க மனதுக்குள் தோற்றுக்கொண்டே இருப்பது கட்டுப்படியாகாது. எண்ணாகச் சொல்லிப் பழகுங்கள். 'ஜெயிக்க 30, டிரா 25, தோற்க 45' என்பது போல, உங்கள் அணிக்குப் பொருந்தும் எண்கள். அதில் நம்பிக்கையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது, இரண்டில் எதுவும் பொய்யில்லை. எண் சொல்கிறோம் என்பதற்காகப் பந்தயம் கட்டிவிடாதீர்கள். தோற்றால் இரட்டை அடி, ஜெயித்தால் அடுத்த முறை இரட்டைப் பந்தயம்.

இந்த வாரத்தில் மிச்சமிருக்கும் இரவுகளுக்கு வருவோம். போன மேட்ச்சின் ஹைலைட்ஸை மறுபடி பார்க்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது புண்ணைச் சொறிவது. அதற்காக 'நினைக்கவே கூடாது' என்று கங்கணம் கட்டினாலும் பலிக்காது. வெள்ளைக் கரடியை நினைக்காதே என்றால் அதுவே திரும்பத் திரும்ப வருகிறது என்று டேனியல் வெக்னர் 1987-இலேயே காட்டினார். நடுவழி, நேரம் ஒதுக்குவது. மாலையில் 15 நிமிடம், கடிகாரம் வைத்து, அந்தத் தோல்வியில் எது சுட்டது என்று எழுதுங்கள். ஸ்கோரா, மூன்றாவது கோலுக்குப் பிறகு வீரர்கள் தலை குனிந்து நடந்ததா, காலியான இருக்கைகளா? எழுதி முடித்ததும் மூடிவைத்துவிட்டு உடம்பு அசையும் வேலை ஏதாவது செய்யுங்கள். படுக்கும் முன் ஒரு மணி நேரம் கால்பந்துச் செய்தியும் வாட்ஸ்அப் குழுவும் வேண்டாம். குழுவைவிட்டு வெளியேற வேண்டியதில்லை, வெளியேறினால் அதற்கும் ஒரு மீம் வரும். ஒரு வாரத்துக்கு மியூட் போதும். மதியத்துக்குப் பிறகு காபியை நிறுத்துங்கள். குடித்த காஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். படுத்ததும் நெஞ்சு படபடத்தால் 4 எண்ணும் வரை மூக்கால் இழுத்து, 6 எண்ணும் வரை மெதுவாக விடுங்கள், 5 நிமிடம். விடும் மூச்சு நீளமாக இருப்பதுதான் இதில் முக்கியம். ஆழமாக இழுத்து வேகமாக விட்டால் தலைசுற்றும், படபடப்பும் கூடும். பலர் தவறு செய்யும் இடம் இது.

பார்ப்பதா வேண்டாமா என்பதற்கு என் கருத்து: பாருங்கள், ஆனால் யாரோடு பார்ப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு கோலும் மண்டைக்குள்ளேயே சுற்றும். இரண்டு அணி ரசிகர்களும் கலந்த கூட்டத்தில் பார்த்தால் இந்த முறை உங்களுக்குத் தாங்காது. உங்கள் அணி ரசிகர்கள் இரண்டு மூன்று பேர், அதிலும் தோற்றால் டிவியை உதைக்காத ஆட்கள், அதுதான் சரி. ஆட்டத்துக்கு 2 மணி நேரம் முன்பே லேசாகச் சாப்பிட்டுவிடுங்கள். வெறும் வயிற்றில் பதற்றமும் மதுவும் சேர்ந்தால் 60-ஆம் நிமிடத்தில் நடுவரைவிடப் பெரிய எதிரி நீங்களே. பார்க்கவே முடியாது என்று முடிவு செய்தால் அதை முழுமையாகச் செய்யுங்கள். அறிவிப்புகளை அணைத்துவிட்டு, 2 மணி நேரத்துக்கு வெளியே ஏதாவது வேலை வைத்துக்கொண்டு, ஆட்டம் முடிந்தபின் ஸ்கோரை ஒரே முறை பாருங்கள். பார்க்காமல் இருந்துகொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கைபேசியில் ஸ்கோர் பார்ப்பதுதான் இருப்பதிலேயே மோசம். ஆட்டத்தின் சுவை ஒன்றும் கிடைக்காது, அடி மட்டும் கிடைக்கும்.

நான் அதிகம் வற்புறுத்துவது கடைசி விசிலுக்குப் பிந்தைய 2 மணி நேரத்தை. அந்த 90 நிமிடத்தில் உங்கள் கையில் ஒன்றுமில்லை. அதற்குப் பின் எல்லாமே உங்கள் கையில் இருக்கிறது, ஆனால் அப்போது யோசிக்கும் நிலையில் இருக்க மாட்டீர்கள். அதனால் இப்போதே முடிவு செய்து எழுதிவையுங்கள். தோற்றால் உடனே வண்டி ஓட்டுவதில்லை, 20 நிமிடம் நடை. வீரர்களின் சமூக ஊடகப் பக்கத்தில் போய்த் திட்டுவதில்லை. வீட்டில் யாரிடமும் அந்த நேரத்தில் பணம், பிள்ளைகளின் படிப்பு என்று எதையும் விவாதிப்பதில்லை. இதை நான் சும்மா சேர்க்கவில்லை. அமெரிக்கக் கால்பந்தில், வெல்லும் என்று எதிர்பார்க்கப்பட்ட உள்ளூர் அணி தோற்ற நாட்களில் வீட்டுக்குள் பெண்கள் மீதான வன்முறை 10 சதவீதம் கூடியதாக டேவிட் கார்டு, கோர்டன் டால் இருவரும் 2011-இல் காட்டினார்கள். அது வேறு விளையாட்டு, வேறு சமூகம், எண் அப்படியே மற்ற இடங்களுக்குப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். இங்கிலாந்தின் ஒரு காவல் வட்டாரத்தில் மூன்று உலகக் கோப்பைகளை வைத்துச் செய்த ஆய்விலும் திசை அதுதான், இங்கிலாந்து அணி தோற்ற நாளில் வீட்டு வன்முறைப் புகார்கள் 38 சதவீதம் கூடின. ஜெயித்த, டிரா ஆன நாட்களிலும் 26 சதவீதம் கூடியிருந்தது என்பதால் தோல்வியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கோபம் கையில் இறங்கும் ஆள் என்று உங்களைப் பற்றி உங்களுக்கே சந்தேகம் இருந்தால், ஆட்டத்தை வீட்டில் பார்க்காதீர்கள், குடிக்காதீர்கள்.

எழுத்தில் இவ்வளவுதான் சொல்ல முடியும். இந்தத் தூக்கமின்மை டெர்பி முடிந்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், எதிலும் ஆர்வம் இல்லாமல் போனால், அது கால்பந்துப் பிரச்சினை அல்ல, கால்பந்தின் பின்னால் ஒளிந்திருக்கும் வேறொன்று. மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றே நெருங்கிய ஒருவரிடம் சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

மிச்சம் அந்த நான்கு விரல் ஆசாமி. அவர் வந்து காட்டும் வரை காத்திருப்பதில்தான் பாதிப் பயம். ஆட்டத்துக்கு முன்பே இரண்டு வாட்ஸ்அப் செய்தி எழுதிவையுங்கள். தோற்றால்: 'நல்லா ஆடினீங்க. திங்கட்கிழமை டீ என் செலவு, ஒரு நாள் பூரா கலாய்ச்சுக்கோ, செவ்வாய்க்கிழமையிலிருந்து வேலை.' ஜெயித்தால் அனுப்ப வேண்டியது இன்னும் சின்னது: 'டீ உன் செலவு.' விசில் ஊதியதும் முதலில் போய்ச் சேருவது உங்கள் செய்தியாக இருக்கட்டும். தானே வந்து ஒப்புக்கொண்டவனைக் கலாய்ப்பதில் அவருக்குப் பெரிய சுவை இருக்காது.